ஒஹையோ கவுண்டி இறப்புப் பதிவு தேட ஃபேமிலி சர்ச் எப்படி இருக்கு? என்னோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், அமெரிக்காவுல முன்னோர் தேடறவங்க, அதுலயும் ஒஹையோ பூர்வீகமா இருக்கறவங்க, வேற எங்கயும் காசு கட்டறதுக்கு முன்னாடி ஃபேமிலி சர்ச்ங்கற (FamilySearch) வெப்சைட்ல உக்காந்து தேடிப் பாருங்க. ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணா போதும், ஃப்ரீ, கிரெடிட் கார்டு கேக்கறதே இல்ல. ஆனா பேரை டைப் பண்ணி என்டர் தட்டி "ஒண்ணும் வரல"ன்னு எழுந்து போறவங்களுக்கு இது பிரயோஜனப்படாது, ஏன்னா இதுல இருக்கற நல்ல சரக்கு பாதிக்கு மேல அந்தத் தேடற பாக்ஸுக்கு வெளியிலதான் இருக்கு, அதைத்தான் இந்த ரிவ்யூல விவரமா எழுதப் போறேன்.

என் வீட்டுக்காரர் அமெரிக்கர். அவங்க அம்மா வழி, தென்கிழக்கு ஒஹையோவுல நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்த குடும்பம், வேல்ஸ்ல இருந்து வந்தவங்க. கவுண்டி (அங்க அது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேரை எழுதல, அங்க இன்னும் சொந்தக்காரங்க இருக்காங்க. என் மாமியாருக்கு ரொம்ப நாளா ஒரே ஒரு கேள்வி, அவங்க பாட்டியோட அம்மா எந்த வீட்டுப் பொண்ணு? கல்யாணத்துக்கு அப்புறம் வந்த புருஷன் வீட்டுப் பேர் மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி அந்தம்மா யாருன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. "ஆம்பளைங்க பேரு எல்லாம் நாலு தலைமுறைக்கு இருக்கு, அவளுக்கு மட்டும் இல்லையே"ன்னு அவங்க சொன்னது எனக்கு மனசுல தங்கிடுச்சு. எம்பது வயசைத் தாண்டினவங்க, இதை அவங்களுக்காகக் கண்டுபிடிச்சே ஆகணும்னு இறங்கினேன்.

ஃபேமிலி சர்ச்சை நடத்தறது சால்ட் லேக் சிட்டியில இருக்கற லேட்டர் டே செயின்ட்ஸ் சர்ச், அதாவது மார்மன் சர்ச்னு நாம சொல்றது. 1894ல ஒரு சொசைட்டியா ஆரம்பிச்சாங்க, 1938ல இருந்து ஊர் ஊரா போய் கோர்ட், சர்ச், கவுண்டி ஆபீஸ் பதிவேட்டை எல்லாம் மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க, அந்த ரோல் மட்டும் 24 லட்சம், அதை மொத்தமா ஸ்கேன் பண்ணி 2021ல முடிச்சாங்க. மதத்துக்கும் நீங்க தேடறதுக்கும் சம்பந்தமே இல்ல, யார் வேணாலும் பாக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எந்த வருஷத்துல இருந்து யார் பதிவு பண்ணாங்கன்னு தெரியாம தேடக் கூடாது. அமெரிக்காவுல ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு கதை. மாசசூசெட்ஸ்ல 1841லயே ஸ்டேட் பதிவு வந்துடுச்சு, மிசௌரியில 1910, இல்லினாய்ல 1916. ஒஹையோவுல 1908 டிசம்பர் 20ல இருந்துதான் ஸ்டேட் டெத் சர்டிபிகேட். அதுக்கு முன்னாடி 1867ல இருந்து 1908 வரைக்கும் இறப்பை எழுதி வச்சது அந்தந்த கவுண்டியோட ப்ரோபேட் கோர்ட், அதாவது உயில், சொத்து, கார்டியன் கேஸ் எல்லாம் பாக்கற கோர்ட். 1867க்கும் முன்னாடின்னா பெரும்பாலும் கவுண்டியில ஒண்ணுமே இருக்காது, சர்ச் ரெஜிஸ்டர், கல்லறைக் கல், பழைய நியூஸ் பேப்பர், இவ்வளவுதான். சென்சஸ் எடுத்தப்ப கூடவே எழுதின இறப்பு லிஸ்ட் ஒண்ணு இருக்கு, 1850, 60, 70, 80ன்னு அந்தந்த வருஷம் ஜூன் 1க்கு முந்தின பன்னெண்டு மாசத்துல செத்தவங்க மட்டும் அதுல வருவாங்க, அந்த ஒரு வருஷத்துக்குள்ள உங்க ஆள் செத்திருந்தா உங்க அதிர்ஷ்டம்.

இதை எல்லாம் எங்க பாக்கறதுன்னா, ஃபேமிலி சர்ச்சுக்குள்ளயே விக்கி ஒண்ணு இருக்கு. அங்க கவுண்டி பேரைப் போட்டா மேலயே ஒரு சின்ன டேபிள்ல பிறப்பு, கல்யாணம், இறப்பு, நிலம், ப்ரோபேட் எல்லாம் எந்த வருஷத்துல ஆரம்பிக்குது, கோர்ட்ஹவுஸ் எரிஞ்சதா இல்லையான்னு போட்டிருப்பாங்க. என்னைக் கேட்டா இந்த சைட்லயே முதல்ல திறக்க வேண்டிய பக்கம் இதுதான், நிறைய பேர் இது இருக்கறதே தெரியாம வருஷக்கணக்கா தேடறாங்க.

அந்த 1867-1908 ரெஜிஸ்டர் எப்படி இருக்கும்னு சொல்றேன். பெரிய புத்தகம், ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு வரி. பேர், இறந்த தேதி, கல்யாணம் ஆனவரா, வயசு வருஷம் மாசம் நாள்னு தனித்தனியா, இறந்த இடம், பிறந்த இடம், தொழில், அப்பா அம்மா பேர், நிறம், என்ன நோய், கடைசியா குடியிருந்த இடம், யார் சொன்னாங்கன்னு வரிசையா கட்டம். ஒரே ஊர், ஒரே நோய் வரிசையா வந்தா கீழ கீழ டிட்டோ மார்க் போட்டிருப்பாங்க. குழந்தைங்க பேர் வரிசையா வரும், பல இடத்துல பேர் கூட இல்லாம "கைக்குழந்தை"ன்னு மட்டும் எழுதி அப்பா பேர் போட்டிருக்கும், நோய்க் கட்டத்துல டிப்தீரியா, அதுக்குக் கீழ டிட்டோ, டிட்டோ. அந்தப் பக்கத்தைச் சும்மா ஸ்க்ரோல் பண்ணி தாண்ட முடியாது, ஒரே வீட்டுல ஒரே வாரத்துல மூணு பிள்ளைங்க போயிருப்பாங்க.

எங்க ஆளும் இந்த ரெஜிஸ்டர்லதான் கிடைச்சாங்க. ஆனா இன்டெக்ஸ்ல தேடி இல்ல. பழைய கையெழுத்தைப் படிச்சு டைப் பண்ணின இன்டெக்ஸ் எதுலயுமே எழுத்து மாறும், எல் எழுத்து டி மாதிரி இருக்கும், எஸ் எழுத்து எஃப் மாதிரி இருக்கும், அதுக்கு மேல வெல்ஷ் பேரை அந்தக் காலத்துல காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பாங்க. அதனால சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறியும் மிச்சத்துக்கு நட்சத்திரக் குறியும் போட்டு தேடிப் பாருங்க, தேடற பாக்ஸ்ல அது வேலை செய்யும். அப்பவும் வரலைன்னா கேட்டலாக்ல யுனைடெட் ஸ்டேட்ஸ், ஒஹையோ, கவுண்டின்னு போய் வைட்டல் ரெக்கார்ட்ஸ்ல (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு) இருக்கற ரெஜிஸ்டரைத் திறந்து ஒவ்வொரு பக்கமா புரட்டணும். பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பகுதியா பிரிச்சிருப்பாங்க, அதனால முழுப் புத்தகமும் பாக்க வேண்டியதில்ல, அந்த எழுத்துப் பகுதி போதும். பொறுமை வேணும் அவ்வளவுதான். எனக்கு இது பிடிச்சிருந்தது, ஏன்னா புரட்டும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரங்க, மச்சான், மைத்துனர் எல்லாரும் கண்ணுல படுவாங்க.

இன்னொண்ணு கவனிக்கணும், அந்தக் காலத்துல டவுன்ஷிப் அசெசர்தான், அதாவது வரிக் கணக்கு எடுக்கறவர்தான், வீடு வீடா போகும்போது இந்த வருஷம் உங்க வீட்டுல யாராவது இறந்தாங்களான்னு கேட்டு எழுதிட்டுப் போய் கோர்ட்டுல குடுப்பார். அதனால இறந்து மாசக்கணக்கு கழிச்சுக் கூட ஏறியிருக்கும், தேதி முன்ன பின்ன இருக்கும், நடுவுல குடும்பம் ஊரை விட்டுப் போயிருந்தா ஏறாமலே போயிருக்கும். ரெஜிஸ்டர்ல இல்லைன்னா அந்த ஊர்ல சாகலைன்னு முடிவு பண்ணிடாதீங்க.

எங்களுக்கு வரி கிடைச்சது, 1890கள்ல, காசநோய், பிறந்த இடம் வேல்ஸ். அப்பா அம்மா கட்டம் மட்டும் காலி. மாமியாருக்குத் தேதி கிடைச்சதே பெரிய சந்தோஷம், ஆனா கேட்ட கேள்விக்கு பதில் இல்லையே.

இங்கதான் ஃபேமிலி சர்ச்சோட அடுத்த தொகுப்பு வந்து கை குடுத்தது, ஒஹையோ டெத்ஸ் 1908-1953. ஸ்டேட் சர்டிபிகேட்டோட ஒரிஜினல் இமேஜே வீட்டுல இருந்தே பாக்கலாம், இந்தத் தொகுப்புக்காகவே நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன். நம்ம ஆள் 1908க்கு முன்னாடியே போயிட்டாங்க, அப்புறம் எதுக்கு இதுன்னு கேப்பீங்க. அவங்க பிள்ளைங்க 1908க்கு அப்புறம் செத்திருப்பாங்க இல்லையா! ஒவ்வொரு பிள்ளையோட சர்டிபிகேட்லயும் அப்பா பேர், அப்பா பிறந்த இடம், அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேர், அம்மா பிறந்த இடம்னு நாலு கட்டம் இருக்கும். அம்மாவோட பேர் அம்மாவோட பதிவுல இருக்காது, பிள்ளைங்க பதிவுலதான் இருக்கும்.

பிள்ளைங்க பேர் எல்லாம் தெரியாதேன்னா அதுக்கும் வழி இருக்கு. தேடற பக்கத்துல, இறந்தவர் பேரைக் காலியா விட்டுட்டு, பேரன்ட்ஸ்ங்கற இடத்துல அப்பாவோட முழுப் பேரையும் அம்மாவோட முதல் பேரையும் மட்டும் போட்டுத் தேடுங்க. கல்யாணம் ஆகி வேற பேருக்குப் போன பொண்ணுங்க எல்லாம் இதுலதான் வந்து விழுவாங்க. எங்களுக்கு ரெண்டு பொண்ணு ஒரு பையன்னு வந்தாங்க, அதுல ஒரு பொண்ணு வேற கவுண்டியில வாழ்ந்து செத்திருக்காங்க, அப்படி ஒருத்தங்க இருந்ததே என் மாமியாருக்குத் தெரியாது. மூணு சர்டிபிகேட்லயும் அம்மா பேர் ஒரே பேர்தான், ஸ்பெல்லிங் மட்டும் ஒண்ணுல மாறியிருந்தது. நான் வாசிச்சுக் காட்டினேன், அவங்க அந்தப் பேரை ரெண்டு மூணு தடவ தானே சொல்லிப் பாத்துட்டு, "இந்தப் பேர்ல எங்க ஊர்ல ஒரு தெருவே இருந்துச்சே"ன்னாங்க.

ஆனா சர்டிபிகேட்டுல இருக்கற எல்லாத்தையும் ஒரே மாதிரி நம்பிடக் கூடாது. வலது பக்கம் டாக்டர் எழுதறது, இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் வைத்தியம் பாத்தேன், கடைசியா உயிரோட பாத்தது இன்னைக்கு, இறந்தது இத்தனை மணிக்கு, காரணம் இதுன்னு, அது நேர்ல இருந்தவர் சொல்றது. இடது பக்கம் இருக்கற பிறந்த தேதி, அப்பா அம்மா பேர் எல்லாம் இன்ஃபார்மன்ட்னு கீழ கையெழுத்து இருக்கே, அவர் சொன்னது. அது பொண்டாட்டியா, மகனா, மருமகனா, ஆஸ்பத்திரி ரெக்கார்டான்னு பாருங்க. மருமகன் மாமியாரோட அம்மா பேரைச் சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிக்கத்தான் வேணும். அதனாலதான் ஒரு பிள்ளையோட நிறுத்தாம கிடைக்கற எல்லாரோடதையும் எடுத்து பக்கத்து பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்றேன். அடக்கம் பண்ண கல்லறை பேரும் அண்டர்டேக்கர், அதாவது அடக்க ஏற்பாடு பாத்தவர், பேரும் கீழ இருக்கும், அதைக் குறிச்சு வச்சுக்கோங்க, அந்த ஃப்யூனரல் ஹோம் இன்னும் நடந்துட்டு இருந்தா அவங்ககிட்ட பழைய லெட்ஜர் இருக்க வாய்ப்பு உண்டு.

சுரங்கக் குடும்பமா இருந்தா இந்தத் தொகுப்பு இன்னும் கனமானது. ஏதென்ஸ் கவுண்டி மில்ஃபீல்டுல 1930 நவம்பர் 5ஆம் தேதி சண்டே க்ரீக் கம்பெனியோட ஆறாம் நம்பர் சுரங்கம் வெடிச்சு 82 பேர் செத்தாங்க, ஒஹையோவுலயே பெரிய சுரங்க விபத்து அதுதான். அவங்க சர்டிபிகேட் எல்லாம் இந்த 1908-1953 காலத்துக்குள்ள வர்றதுதான். பேப்பர்ல எண்ணிக்கையா வந்தவங்க, இங்க ஒவ்வொருத்தரும் அப்பா பேர், அம்மா பேரோட ஒரு தாளா இருப்பாங்க.

கவுண்டி விஷயத்துல பலரும் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. பதிவு ஏறறது இறந்த கவுண்டியில, வாழ்ந்த கவுண்டியில இல்ல. கொலம்பஸ் ஆஸ்பத்திரியில செத்தா ஃப்ராங்க்லின் கவுண்டி. ஏதென்ஸ்ல 1874ல திறந்த பெரிய மனநல ஆஸ்பத்திரி இருந்துச்சு, சுத்தி இருக்கற கவுண்டில இருந்தெல்லாம் அங்கதான் கொண்டு போய் விட்டாங்க, அங்க செத்தவங்க எல்லாம் ஏதென்ஸ் கவுண்டி கணக்குலதான் வருவாங்க. அந்த ஆஸ்பத்திரி கல்லறைகள்ல கிட்டத்தட்ட 2,000 பேர் இருக்காங்க, பெரும்பாலான கல்லுல பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். வீட்டுல "திடீர்னு காணாம போயிட்டா"ன்னு சொல்ற அத்தைப் பாட்டி யாராவது இருந்தா பக்கத்து கவுண்டியையும் கண்டிப்பா தேடுங்க, அந்தக் காலத்துல இதை எல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க.

ஃப்ரீன்னு சொன்னேனே, அதுல ஒரு கட்டுப்பாடு இருக்கு. சில தொகுப்புல கேமரா படத்து மேல ஒரு சாவி இருக்கும், அப்படின்னா வீட்டுல இருந்து திறக்காது. பதிவு வச்சிருக்கற ஆபீஸோட ஒப்பந்தம் அப்படி. அதுக்கு ஃபேமிலி சர்ச் சென்டருக்கோ அவங்களோட சேர்ந்திருக்கற பப்ளிக் லைப்ரரிக்கோ போகணும், லைப்ரரி வைஃபைல அதே பக்கம் திறந்துடும். போறதுக்கு முன்னாடி வேணும்கற லிங்க், ஃபிலிம் நம்பர், இமேஜ் நம்பர் எல்லாம் லிஸ்ட் போட்டு ஒரு பென்டிரைவோட போங்க, அங்க உக்காந்து யோசிச்சா நேரம் போயிடும்.

இறப்புப் பதிவே கிடைக்கலைன்னா அதே ப்ரோபேட் கோர்ட்டோட சொத்து ஃபைலைப் பாருங்க, ஒஹையோ ப்ரோபேட் ரெக்கார்ட்ஸ் தொகுப்பும் இங்கயே இருக்கு. 2024ல ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, கம்ப்யூட்டரே பழைய கையெழுத்தைப் படிச்சுக் குடுக்குது, உயில், நிலப் பத்திரம் எல்லாத்துலயும் நடுவுல எங்கயோ ஒரு பேர் இருந்தாலும் பிடிச்சுடுது. இது வந்ததுக்கு அப்புறம் தேடறதே மாறிடுச்சுன்னு நான் நினைக்கறேன். ஒருத்தர் செத்ததுக்கு அப்புறம் வாரிசுங்க நிலத்தை வித்திருப்பாங்க, அந்தப் பத்திரத்துல மகள், அவ புருஷன், எந்த ஊர்னு எல்லாமே வரிசையா இருக்கும்.

சின்சினாட்டிக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. அந்த ஊர் இருக்கற ஹாமில்டன் கவுண்டி கோர்ட்ஹவுஸ் 1884 மார்ச் கலவரத்துல எரிஞ்சு நிறைய பதிவு போயிடுச்சு. ஆனா சிட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட் தனியா எழுதி வச்ச கார்டு இருக்கு, 1865ல இருந்து 1912 வரைக்கும், சின்சினாட்டி யுனிவர்சிட்டி லைப்ரரி அதை ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா போட்டிருக்காங்க. கவுண்டியில இல்லைன்னா சிட்டின்னு ஒண்ணு இருக்குங்கறதை மறக்காதீங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஆன்செஸ்ட்ரி நல்ல சைட்தான், 1953க்கு அப்புறம் வர்ற ஒஹையோ இன்டெக்ஸுக்கு அதுதான் வசதி, ஆனா சந்தா கட்டறதுக்கு முன்னாடி உங்க ஊர் லைப்ரரியில லைப்ரரி எடிஷன் இருக்கான்னு கேளுங்க, பல இடத்துல இருக்கு. ஃபைண்ட் எ க்ரேவ் இப்ப ஆன்செஸ்ட்ரி கையிலதான் இருக்கு, ஆனா ஃப்ரீ, கல்லறை போட்டோவுக்கு அருமையானது, யாரோ ஒரு வாலன்டியர் வெயில்ல போய் எடுத்துப் போட்டிருப்பாங்க, அவங்களுக்கு ஒரு நன்றி எழுதிட்டு வாங்க. ஆனா கல்லுல இருக்கற தேதி பல வருஷம் கழிச்சு வெட்டினதா கூட இருக்கலாம், பதிவோட ஒப்பிட்டுப் பாக்காம எடுக்காதீங்க. ஃப்ரீமான்ட்ல இருக்கற ரதர்ஃபர்ட் ஹேய்ஸ் பிரசிடென்ஷியல் லைப்ரரியோட ஒஹையோ ஒபிச்சுவரி இன்டெக்ஸ், அதாவது பேப்பர்ல வந்த இரங்கல் செய்திகளோட பட்டியல், ரொம்ப உபயோகம், எந்த பேப்பர், எந்த தேதி, எந்த பக்கம்னு சொல்லிடும்.

ஃபேமிலி சர்ச்சுல ஒண்ணே ஒண்ணு எச்சரிக்கை, அதுல இருக்கற ஃபேமிலி ட்ரீ எல்லாருக்கும் பொது, யார் வேணாலும் மாத்தலாம். அதனால ட்ரீயைப் பாத்துட்டு அப்படியே காப்பி அடிக்காதீங்க, கீழ என்ன ஆதாரம் வச்சிருக்காங்கன்னு திறந்து பாருங்க. நீங்க ஏத்தினா சர்டிபிகேட் இமேஜையும் சேத்து வைங்க.

அப்புறம் என் நாத்தனார் பண்ணினதையும் சொல்லிடறேன், யாருக்காவது உபயோகப்படும். கூகுள்ல டெத் ரெக்கார்ட்னு தேடினதும் மேல விளம்பரமா வந்த ஒரு சைட்ல, கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்கும், கார்டு நம்பர் குடுத்து ஆர்டர் பண்ணிட்டாங்க. அவங்க பண்றது நம்ம அப்ளிகேஷனை வாங்கி அதே கவர்மென்ட் ஆபீஸுக்கு அனுப்பறது மட்டும்தான், அதுக்கு மேல ஒரு பெரிய சர்வீஸ் சார்ஜ். ஒஹையோவுல டெத் சர்டிபிகேட் வாங்க நீங்க சொந்தக்காரரா இருக்கணும்னு கூட கிடையாது, யார் வேணாலும் நேரா கேக்கலாம். எல்லா ஸ்டேட்டும் அப்படி இல்ல, டெக்சஸ்ல 25 வருஷம், மிசௌரியிலயும் பென்சில்வேனியாவுலயும் 50 வருஷம் ஆகணும், அப்பதான் பொதுவுக்கு வரும். மிசௌரி அந்த 50 வருஷம் ஆன சர்டிபிகேட் இமேஜ் எல்லாத்தையும் 1910ல இருந்து ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ் சைட்ல ஃப்ரீயாவே போட்டு வச்சிருக்காங்க, ரொம்ப நல்ல காரியம், மத்த ஸ்டேட் எல்லாம் அதைப் பாத்து செய்யணும்.

என் ரேட்டிங், ஒஹையோ மட்டும்னா 5க்கு 5, மொத்த அமெரிக்காவுக்குன்னா 5க்கு 4, சாவி போட்ட இமேஜுக்காகத்தான் ஒண்ணு குறைக்கறேன். 1953க்கு அப்புறம் வர்ற சர்டிபிகேட் வேணும்னா முன்னாடி வருஷங்களுக்கு ஒஹையோ ஹிஸ்டரி கனெக்ஷன்லயும் (ஒஹையோவோட வரலாற்றுச் சங்கம்) அதுக்கப்புறம் உள்ளதுக்கு ஸ்டேட் ஹெல்த் டிபார்ட்மென்ட்லயும் கேளுங்க, பேர், கவுண்டி, வருஷம் மூணும் கையில இருந்தா போதும். வேல்ஸ் பக்கம் பாரிஷ் ரெஜிஸ்டர், அதாவது அந்தந்த ஊர் சர்ச் பதிவேடு, தேடினவங்க யாராவது இருந்தா கமென்ட்ல எழுதுங்க, மாமியார் இப்ப அந்தப் பேரை வச்சுக்கிட்டு அடுத்து அங்கதான் போகணும்ங்கறாங்க.